செடி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு நர்சரிக்குப் போகிறோம். பச்சைப்பசேலென்று எது கண்ணைப் பறிக்கிறதோ அதைக் கை காட்டுகிறோம். 'எவ்வளவு தண்ணி ஊத்தணும்? வெயில் வேணுமா?' என்று இரண்டே கேள்வி. கொஞ்சம் பேரம். அப்புறம் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீடு!

புடவை வாங்கும்போது முந்தானை, ஜரிகை, சாயம் போகுமா, போகாதா என்று அரை மணி நேரம் புரட்டிப் பார்க்கிற நாம், வீட்டுக்குள்ளேயே வந்து குடியிருக்கப் போகிற செடிக்கு ஐந்து நிமிஷம்கூடச் செலவு செய்வதில்லை. 'செடிதானே டாக்டர், அது என்ன பண்ணிடப் போகுது?' என்று என்னிடமே கேட்கிறார்கள்.

பண்ணும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மூலிகை கொடுக்கிற சித்த மருத்துவரே செடியைப் பற்றிப் பயமுறுத்துகிறாரே என்று நினைக்காதீர்கள். எங்கள் படிப்பில் குணபாடம் என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை என்ன, குணம் என்ன என்று படிப்பதோடு, எதை எப்படிச் சுத்தி செய்த பிறகு மருந்தில் சேர்க்கலாம் என்பதையும் படித்தாக வேண்டும். சுத்தி எதற்கு? செடியில் நஞ்சும் இருப்பதால்தான்!

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நர்சரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான். தவழும் குழந்தை இருக்கிறதா? கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயதா? அப்படியானால் டைஃபென்பாக்கியா உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது.

பெயர் புதிதாக இருக்கிறதா? செடி உங்களுக்குத் தெரிந்ததுதான். அகலமான பெரிய பச்சை இலை, நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தெளித்தது போல இருக்கும். பாங்கில், ஓட்டல் வரவேற்பறையில், கல்யாண மண்டப வாசலில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'டம்ப் கேன்' என்றே ஒரு பெயர் உண்டு. அதாவது ஊமையாக்கும் தண்டு! இதைக் கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும், எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கே சில மணி நேரம் பேச்சு வராமல் போய்விடும். வீக்கம் தொண்டைக்குள் இறங்கினால் மூச்சு விடுவதே சிரமமாகிவிடும்.

காரணம் என்ன? உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. சேப்பங்கிழங்கைச் சீவும்போது கை அரிக்கிறது அல்லவா? காறுகருணையைச் சரியாக வேகவிடாமல் சாப்பிட்டால் நாக்கு நமநமவென்று குத்துகிறது அல்லவா? இந்தக் கிழங்குகளில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. நம் பாட்டிமார்கள் அதைப் புளி போட்டு, நன்றாக வேகவைத்து அடக்கினார்கள். டைஃபென்பாக்கியாவும் அதே சேம்புக் குடும்பம்தான். ஊசி இங்கே இன்னும் உக்கிரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் குடும்பம் பெரிய குடும்பம். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், சிங்கோனியம், கலர் கலராக இலை விடும் கலேடியம், வெள்ளைப் பூ பூக்கும் பீஸ் லில்லி, ஓட்டை விழுந்த இலையுள்ள மான்ஸ்டெரா, இப்போது எல்லா ஆபீஸிலும் காணப்படும் 'ஸீ ஸீ' செடி எல்லாமே அண்ணன் தம்பிகள். பெரியவர்கள் மட்டுமே இருக்கிற வீட்டில் தாராளமாக வையுங்கள். குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆனால் மணி பிளான்ட்டை உயரத்தில் வைத்துவிட்டு அதன் கொடியைத் தரை வரைக்கும் தொங்கவிட்டால் என்ன பிரயோஜனம்?

ஒருவேளை குழந்தை கடித்துவிட்டால்? வாயில் மிச்சம் இருப்பதை விரலில் ஈரத்துணி சுற்றி வழித்து எடுங்கள். பெரிய குழந்தையாக இருந்தால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். விழுங்க முடிகிறது என்றால் குளிர்ந்த பாலோ, தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போன ஊசி திரும்பி வரும்போது இன்னொரு தடவை குத்தும். உதடு, நாக்கு வீங்கினாலோ, குரல் மாறினாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் குழந்தை ஒழுகவிட்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. கடித்த இலையில் ஒன்றைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போக மறக்காதீர்கள். 'ஏதோ ஒரு பச்சைச் செடி' என்று சொன்னால் டாக்டர் என்ன செய்வார், பாவம்!

பால் வடிகிற செடிகள்

அடுத்து, இலையைக் கிள்ளினால் பால் வருகிற ரகங்கள். நர்சரிக்காரரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: 'இதுல பால் வருமா?'

யூஃபோர்பியா என்று முள்ளும் சிவப்புப் பூவுமாக ஒரு செடி மொட்டை மாடியெல்லாம் இருக்கிறது. கத்தரிக்கும்போது வருகிற பால் தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் ஆபத்து. குரோட்டன்ஸ் பாலும் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். அடிமரம் பானை மாதிரி பருத்து, ரோஜா நிறத்தில் பூக்கும் அடினியம் இப்போது பெரிய ஃபேஷன். அது அரளியின் சொந்தக்காரர். அதன் சாற்றில் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும் நஞ்சு இருக்கிறது. வெட்டிய கையோடு சாப்பிட உட்காரக் கூடாது.

அரளி பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனாலும் மஞ்சள் அரளியைப் பூஜைக்கு ஆகும் என்று வாசலிலேயே நட்டிருக்கிறோம். அதன் பச்சைக் காய் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். தெருப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும். உள்ளே இருக்கும் விதை இதயத்தை நிறுத்தக்கூடியது. சின்னக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் அது வேண்டாம். பூ வேண்டுமென்றால் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள். தவறி யாராவது தின்றுவிட்டால், 'நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே 108.

இந்த வரிசையில் நான் அதிகம் கவலைப்படுவது வெள்ளெருக்கைப் பற்றித்தான். விநாயகருக்கு உகந்தது, வீட்டில் இருந்தால் விசேஷம் என்று தொட்டியில் வைக்கிறார்கள். வைக்கட்டும். பூப்பறிக்கும்போது பால் விரலில் ஒட்டுகிறது. அதே விரலால் கண்ணைக் கசக்குகிறார்கள். எருக்கம்பாலில் ஒரு கெட்ட குணம் என்னவென்றால், கண்ணில் பட்டாலும் பெரிதாக வலி தெரியாமல் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்வை மங்கலாகி, புகை மூட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். கருவிழி வீங்கியிருக்கும். வலி இல்லையே என்று அலட்சியமாக இருந்து, மறுநாள் ஓடுகிறார்கள். கண்ணில் பட்ட அந்த நிமிஷமே குழாயடியில் நின்று, குறைந்தது 15 நிமிஷம் தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு கண் மருத்துவர். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பால் வராத செடியெல்லாம் சாது என்றும் நினைத்துவிடாதீர்கள். செங்காந்தள் நம் தமிழகத்தின் மாநில மலர். அழகுக்காகச் சிலர் தொட்டியில் வளர்க்கிறார்கள். அதன் கிழங்கு (கண்வலிக் கிழங்கு என்போம்) சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. மாடியில் சர்க்கரைவள்ளி, இஞ்சி, மஞ்சள் வளர்க்கிறவர்கள் இதையும் பக்கத்துத் தொட்டியில் வைப்பது, சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் பூச்சி மருந்தை வைப்பது மாதிரிதான்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு என்னதான் வாங்குவது? நிறையவே இருக்கிறது. ஸ்பைடர் பிளான்ட், அரேகா பாம், பெரணி வகைகள், செம்பருத்தி, மல்லிகை, கற்பூரவல்லி, புதினா. எதைக் கடித்தாலும் வம்பில்லை. வீட்டில் நாய் இருந்தால் சைகஸ் செடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பனை மாதிரி அழகாக இருக்கும். நாய் மென்றால் ஈரல் போய்விடும்.

மூலிகைச் செடியா? போர்டை நம்பாதீர்கள்!

இப்போது என்னுடைய ஏரியாவுக்கு வருகிறேன்.

மூலிகை வளர்க்கும் ஆசை மக்களிடம் கூடியிருப்பது எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் நர்சரிகளில் தொங்கும் பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. விற்பவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர்களுக்கு என்ன பெயர் சொல்லிச் செடி வந்ததோ, அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். அதைச் சாப்பிடப் போகிறவர் நீங்கள். ஆகவே அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டியவரும் நீங்கள்தான்.

வல்லாரையை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி என்று ஆசையாக வாங்குகிறார்கள். வல்லாரை இலையை உற்றுப் பாருங்கள். காம்பு வந்து சேருகிற இடத்தில் இலை பிளந்து, உள்ளே வளைந்திருக்கும். கிட்னி வடிவம் என்று சொல்லலாம். ஓரத்தில் சின்னச் சின்னப் பல். அழகுக்காகத் தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கும் வேறொரு செடி இருக்கிறது. அதன் இலை முழு வட்டம். காம்பு இலையின் நடு முதுகில் குடைக் கம்பி மாதிரி வந்து சேரும். இதையும் வல்லாரை என்றே விற்கிறார்கள். ஒரு அம்மா மூன்று மாதமாகத் துவையல் அரைத்துக் கொடுத்ததாகச் சொல்லி, செடியோடு என்னிடம் வந்தார். பார்த்தால் குடைச் செடி! நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்று மாதத் துவையலும் வீண். (நிஜ வல்லாரைக்கு இன்னொரு குணம்: வேர் விட்ட இடத்தில் உள்ள நல்லது கெட்டது எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். சாக்கடை ஓரத்து வல்லாரையைத் தொடாதீர்கள். தொட்டியில் வளர்ப்பதுதான் நல்லது.)

அடுத்தது மஞ்சள் கரிசலாங்கண்ணி. பல பார்க்குகளிலும், ரோட்டு நடுவே உள்ள திட்டுகளிலும் மஞ்சள் பூவோடு தரையெல்லாம் படர்ந்திருக்கிறதே, அதைக் கரிசலாங்கண்ணி என்று பறித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வந்த உறவுக்காரச் செடி. வித்தியாசம் இலையில் இருக்கிறது. வெளிநாட்டுச் செடியின் இலையில் இரண்டு பக்கமும் காது மாதிரி மடல் நீட்டி, மூன்று பிரிவாகத் தெரியும். நம் மஞ்சள் கரிசலையின் இலை பிரிவில்லாமல் நீளமாக இருக்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் இந்தக் குழப்பம் இல்லை. தண்டைக் கசக்கினால் கொஞ்ச நேரத்தில் சாறு கறுத்துவிடும். ஆள் அடையாளம் அதிலேயே தெரிந்துவிடும்.

கீழாநெல்லியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்! மழைக்காலத்தில் உங்கள் ரோஜாத் தொட்டியில் அதுவாகவே முளைக்கும். இலை வரிசைக்கு அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் காய் வரிசையாகத் தொங்கினால் அதுதான். ஆனால் கண் மஞ்சளாகிறது என்றதும் நீங்களே அரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். மஞ்சள் காமாலை என்பது ஒரு அறிகுறி. வைரஸாலும் வரும், பித்தப்பைக் கல் அடைத்தாலும் வரும். கல்லை இலை எடுக்காது. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். மருந்து எது என்று அப்புறம் பேசலாம்.

கற்றாழை வாங்கும்போது 'சோற்றுக் கற்றாழை' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தொட்டிக் கடைகளில் இருக்கும் வரிவரியான குட்டிக் கற்றாழைகளும், ஆனைக்கற்றாழை இனங்களும் சாப்பிடுகிற ரகம் அல்ல. சோற்றுக் கற்றாழையிலும் மடலை வெட்டினதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதைக் காய்ச்சி இறுக்கினால்தான் கரியபோளம் என்ற மருந்து. கடுமையான பேதி மருந்து அது. அதனால்தான் உள்ளிருக்கும் சோற்றை ஏழு முறை தண்ணீர் மாற்றிக் கழுவச் சொன்னார்கள். இப்போது மிக்ஸியில் அப்படியே அடித்து ஜூஸ் குடிக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்புறம் என்னிடம் வருகிறார்கள்! கர்ப்பிணிகள் கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. இருமலுக்கு நல்லதென்று வாங்கும் ஆடாதோடையும் அப்படித்தான். அதற்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் உண்டு.

பெயரிலேயே ஆளை ஏமாற்றுகிற ஒரு செடி இருக்கிறது. இன்சுலின் செடி! தென் அமெரிக்காவைச் சேர்ந்த, ஆரஞ்சுப் பூ பூக்கும் இந்தச் செடியில் இன்சுலின் கிடையாது. இருந்தாலும் பயன் இல்லை. இன்சுலின் ஒரு புரதம். மென்று விழுங்கினால் பருப்பு மாதிரி வயிற்றிலேயே ஜீரணமாகிவிடும். அதனால்தானே ஊசி போடுகிறார்கள்? எலிகளுக்கு இந்த இலையைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் சர்க்கரை குறைந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு. தினம் இரண்டு இலை மென்றுகொண்டு, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். மாத்திரையோடு சேர்த்து இலையையும் மெல்கிறவர்களுக்கு வேறு பயம் இருக்கிறது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். சாப்பிட்டே தீருவேன் என்றால் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அவர்தான். நர்சரிக்காரர் இல்லை.

'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று ஒரு செடி. ரணகள்ளி. இலை ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். குழந்தைகளுக்குக் காட்ட ரொம்ப நன்றாக இருக்கும். கிட்னி கல்லுக்கு என்று சொல்லி விற்கிறார்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளில் இதயத்தைத் தாக்கும் பொருட்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகள் செத்திருக்கின்றன. வேடிக்கை பார்க்க வையுங்கள்; மென்று பார்க்க வேண்டாம்.

நிலவேம்பையும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் சிறியாநங்கை என்ற பெயரில் விற்பதும் இதுதான். 2012-ல் டெங்கு பரவியபோது அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். அந்தக் குடிநீர் வெறும் நிலவேம்பு அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சந்தனம், சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்த்து மொத்தம் 9 சரக்கு. தொட்டியில் உள்ள இலையைக் கிள்ளிக் கொதிக்க வைத்துவிட்டு, 'நிலவேம்புக் குடிநீர் குடிச்சாச்சு' என்று நினைக்க வேண்டாம். (இந்தச் செடி இருந்தால் பாம்பு வராது என்கிறார்கள். பாம்பு இதைப் படித்ததில்லை!)

மூலிகைகளை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் மேட்டூர் அணையில் உள்ள மத்திய அரசின் சித்த மருத்துவ மூலிகைத் தோட்டம், தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். எதற்கும் முடியவில்லையென்றால் ஒரு கிளையை உங்கள் ஊர் சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். பூவோ காயோ இருக்கிற கிளையாக இருந்தால் அவருக்கும் சுலபம்.

வந்ததும் பறிக்காதீர்கள்

சரியான துளசியைத்தான் வாங்கிவிட்டீர்கள். அன்றைக்கு ராத்திரியே கஷாயமா? பொறுங்கள்.

நர்சரியில் செடி பளபளவென்று, ஒரு இலையில்கூடப் பூச்சி கடிக்காமல் இருக்கிறது என்றால் மருந்து தெளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பிழைப்பு அது. இந்த மருந்துகளில் சில, வேர் வழியாகவும் இலை வழியாகவும் செடிக்குள்ளேயே போய் ஊறிவிடும். மேலே கழுவினால் போகாது. கறிவேப்பிலை, புதினா, துளசி, தூதுவளை என்று வாயில் போடுகிற எதுவாக இருந்தாலும் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். குறைந்தது ஒரு மாதம் சும்மா வளரவிடுங்கள். பழைய இலைகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, உங்கள் வீட்டில் புதிதாகத் துளிர்த்ததை மட்டும் பயன்படுத்துங்கள். கறிவேப்பிலைக்கு இரண்டு மாதமானாலும் தப்பில்லை.

காத்து சுத்தமாகுமா?

'டாக்டர், ஸ்நேக் பிளான்ட் ராத்திரியெல்லாம் ஆக்சிஜன் விடுமாமே! ஆஸ்துமாவுக்கு நல்லதாமே!'

இந்தக் கதைக்கு மூலம் 1989-ல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆராய்ச்சி. காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்து, சில ரசாயன ஆவிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். குறைந்தது. நம் வீடு காற்றுப் புகாத பெட்டியா? 2019-ல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்ட அமெரிக்க விஞ்ஞானிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று! அப்புறம் நாம் எங்கே படுப்பது? ஜன்னலைத் திறந்து வையுங்கள். செலவில்லாத வைத்தியம்.

ஸ்நேக் பிளான்ட் (நம் ஊர் மருள் செடியின் சொந்தம்) ராத்திரியில் கரியமில வாயுவை உள்ளே வாங்கி வைத்துக்கொள்வது நிஜம். ஆனால் வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் தயாரிக்காது. அதே சமயம், 'படுக்கையறையில் செடி இருந்தால் மூச்சு முட்டும்' என்று பயப்படுவதும் தேவையில்லை. பக்கத்தில் குறட்டை விடுகிறவர் வெளியிடும் கரியமில வாயுவுக்கு முன்னால் இரண்டு தொட்டிச் செடி எம்மாத்திரம்! ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருக்கும் தொட்டி மண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தத் தூள் ஆகாது. வாசனை தூக்கலாக உள்ள பூச்செடிகளும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இவற்றைப் பால்கனிக்கு அனுப்பிவிடுங்கள்.

தட்டில் வளரும் டெங்கு

தொட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தரை அழுக்காகாமல் இருக்க. அதில் தேங்கும் தண்ணீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ வார்டு. சாக்கடையில் அல்ல, இந்த மாதிரி சுத்தமான தண்ணீரில்தான் அது முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதி. முடியாதவர்கள் மண்ணில் நட்டுவிடுங்கள். தட்டில் மணல் கொட்டி வைத்தாலும் தண்ணீர் வெளியே தெரியாது, கொசுவுக்கும் இடம் கிடைக்காது.

மாடியில் நிலவேம்பை வைத்துக்கொண்டு அதன் தட்டிலேயே கொசுப் புழு வளர்க்கிற வீடுகளை நான் அறிவேன்.

பார்த்து வாங்க...

இனி செடியின் ஆரோக்கியம். இலையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. அதை வாங்கினால் உங்கள் வீட்டுச் செம்பருத்தி காலி. அடித்தண்டை லேசாக அசைத்துப் பாருங்கள். கடைவாய்ப் பல் மாதிரி ஆடினால் நேற்றுத்தான் பிடுங்கித் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். பையின் அடி ஓட்டை வழியாக வேர் கொத்தாக வெளியே வந்திருந்தால் அது அந்தப் பைக்குள் ரொம்ப நாளாக நெருக்கத்தில் கிடந்த செடி. இரண்டும் வேண்டாம். பூத்துக் குலுங்குவதைவிட மொட்டு விட்டிருப்பதை எடுங்கள். ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் வளர்ந்த பெரிய ரோஜாக்கள் சென்னை வெயிலில் அடுத்த மாதமே முகத்தைத் தொங்கப் போட்டுவிடும். சமவெளிக்குப் பன்னீர் ரோஜாதான் கைகொடுக்கும். சித்திரை, வைகாசியில் செடி வாங்காதீர்கள், ஆடி பிறக்கட்டும்.

வெளிச்சம்தான் முக்கியம். துளசி, கற்றாழை, கற்பூரவல்லிக்கு நாலைந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். ஃபிளாட்டில் ஹாலுக்குள் வைத்து, 'எங்க வீட்டுல துளசி தங்கவே மாட்டேங்குது, ஏதாவது தோஷமா?' என்று கேட்கிறார்கள். தோஷம் எல்லாம் இல்லை, சூரியன் இல்லை!

பால்கனி கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்காதீர்கள். ஈர மண்ணோடு ஒரு தொட்டி என்ன கனம் கனக்கும், கீழே யார் நடப்பார்கள் என்று யோசியுங்கள். சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் நடைபாதை ஓரம் காகிதப்பூ, முள் கள்ளி வேண்டாம். உணர்ச்சி மரத்த காலில் முள் தைத்தால் தெரியாது.

புதுச் செடியைக் கொண்டுவந்ததும் பழைய செடிகளோடு சேர்க்காமல் பத்து நாள் தனியாக வையுங்கள். மாவுப்பூச்சியோ, மண்ணில் எறும்போ இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அந்தப் பத்து நாளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஐஸ்கிரீம் குச்சியோ, பழைய பிளாஸ்டிக் ஸ்கேலோ எதிலாவது செடியின் பெயரையும் வாங்கிய தேதியையும் மார்க்கர் பேனாவால் எழுதித் தொட்டியில் குத்திவிடுங்கள். நர்சரிக்காரரிடம் தாவரவியல் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. சாப்பிடக் கூடாத செடியென்றால் குச்சியின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. வீட்டுக்கு வருகிற பாட்டிக்கும், வேலைக்கு வருகிற அம்மாவுக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அந்தப் பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லி வையுங்கள்.